எரியாத பிளாஸ்டிக் உண்டா?

பிளாஸ்டிக் திடப்பொருளாக இருக்கும்வரை எரிவதில்லை. சூடேறும்போது பெரும்பாலான வகைகள் முதலில் இளகி உருகும். சூடு இன்னும் கூடினால் நீளமான மூலக்கூறுச் சங்கிலிகள் துண்டு துண்டாக அறுந்து வாயுவாக மேலெழும். அந்த வாயு காற்றிலுள்ள ஆக்சிஜனோடு கலந்து பற்றுவதுதான் கண்ணுக்குத் தெரியும் சுடர். சுடரின் வெப்பத்தில் ஒரு பங்கு மீண்டும் பிளாஸ்டிக்கின்மேல் விழுந்து அடுத்த அடுக்கைச் சிதைக்க, அதிலிருந்து புதிய வாயு கிளம்புகிறது. இந்தச் சுழற்சி தொடரும்வரை தீ நிற்காது. எங்கேனும் ஓரிடத்தில் அறுந்தால் அணைந்துவிடும்.

எல்லா பிளாஸ்டிக்கும் ஒரே மாதிரி எரிவதில்லை. கேரி பேக்கிலும் தண்ணீர்த் தொட்டியிலும் இருக்கும் பாலிஎத்திலீன், கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே சேர்ந்தது. வேதியியலில் அது பாரஃபின் மெழுகின் நெருங்கிய உறவு. எரியும்போது மெழுகுவர்த்தியின் வாசனை வருவதும், உருகிச் சொட்டுவதும் அதனால்தான். ஒரு கிலோ பாலிஎத்திலீன் ஏறத்தாழ 43 மெகாஜூல் வெப்பம் தருகிறது. இது பெட்ரோலுக்கு இணையான அளவு. உலர்ந்த விறகைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். தெர்மாகோலாகப் புழங்கும் பாலிஸ்டைரீனின் சங்கிலியில் பென்சீன் வளையங்கள் தொங்குவதால் அது கரும்புகையைக் கக்குகிறது. பிவிசியின் எடையில் சுமார் 57 விழுக்காடு குளோரின். அதனால் அது எளிதில் பற்றாது. ஆனால் சூடேறினாலே ஹைட்ரஜன் குளோரைடு வாயு வெளியேறி, கண்ணையும் மூச்சுக்குழாயையும் அரிக்கும். நைலானிலும் சோபா, மெத்தைகளின் பாலியூரித்தேன் நுரையிலும் நைட்ரஜன் உண்டு. அவை எரியும்போது ஹைட்ரஜன் சயனைடு உருவாகலாம். தீவிபத்துகளில் உயிரிழப்போரில் பெரும்பாலானவர்களைக் கொல்வது சுடர் அல்ல, புகைதான்.

எரியும் தன்மையை ஒரே எண்ணால் சொல்லும் முயற்சிதான் ஆக்சிஜன் குறியீடு. அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த ஃபெனிமோர், மார்ட்டின் இருவரும் 1966-ல் இதை வெளியிட்டார்கள். கண்ணாடிக் குழாய்க்குள் ஆக்சிஜனும் நைட்ரஜனும் கலந்த வாயு கீழிருந்து மேலே போகும். நடுவில் நிற்கும் பிளாஸ்டிக் குச்சியின் உச்சியில் தீ வைப்பார்கள். எரிதல் தொடரத் தேவையான மிகக் குறைந்த ஆக்சிஜன் விழுக்காடே குறியீடு. பாலிஎத்திலீனுக்கு அது 17, 18 அளவில் இருக்கிறது. பாலிகார்பனேட்டுக்கு 25-ஐ ஒட்டியும், மென்மையாக்கி சேர்க்காத பிவிசிக்கு 40-க்கு மேலும், டெஃப்லானுக்கு 95 வரையும் போகிறது. காற்றில் ஆக்சிஜன் 21 விழுக்காடு என்பதால், அதற்குக் கீழே உள்ளவை சாதாரணக் காற்றில் தாமே எரியும். இந்த எண்ணை நம்பும் முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இது அறை வெப்பநிலையில் அளந்தது. சுற்றுப்புறம் சூடேறச் சூடேற, எரிவதற்குத் தேவையான ஆக்சிஜன் குறைந்துகொண்டே போகும்.

மின்சாதனத் துறையில் அதிகம் கேட்கப்படும் பெயர் யுஎல் 94. சிகாகோவில் 1894-ல் தொடங்கிய அண்டர்ரைட்டர்ஸ் லேபரட்டரீஸ் வகுத்த சோதனை இது. 125 மி.மீ. நீளமும் 13 மி.மீ. அகலமும் கொண்ட பட்டையைச் செங்குத்தாகத் தொங்கவிட்டு, 20 மி.மீ. உயரச் சுடரைக் கீழ்முனையில் 10 விநாடி காட்டி எடுப்பார்கள். அணைந்ததும் மறுபடி 10 விநாடி. 300 மி.மீ. கீழே பஞ்சு விரித்திருக்கும். ஒவ்வொரு முறையும் 10 விநாடிக்குள் அணைந்து, ஐந்து பட்டைகளும் எரிந்த மொத்த நேரம் 50 விநாடியைத் தாண்டாமல், சொட்டும் துளி பஞ்சைப் பற்றவைக்காமல் இருந்தால் வி-0. 30 விநாடிவரை எரிந்தால் வி-1. அதே நேரத்துக்குள் அணைந்தும் துளி பஞ்சைப் பற்றவைத்தால் வி-2. தரத்தோடு தடிமனும் குறிக்கப்பட வேண்டும். 3 மி.மீ. தடிமனில் வி-0 பெற்ற பிளாஸ்டிக், 0.8 மி.மீ. தகடாகும்போது அதே தரத்தைப் பெறாமல் போகலாம்.

சுடரே இல்லாமலும் தீ பிடிக்கும். தளர்ந்த இணைப்பில் கம்பி பழுக்கக் காய்வது அப்படிப்பட்டது. அதற்காகவே, 550 முதல் 960 டிகிரி செல்சியஸ்வரை சூடேற்றிய கம்பி முனையை 30 விநாடி பிளாஸ்டிக்கில் அழுத்தும் சோதனை இருக்கிறது.

இவை எல்லாமே சிறு தீக்கான சோதனைகள். எரியும் அறைக்குள் அதே பொருள் எப்படி நடந்துகொள்ளும் என்பதை இவை சொல்வதில்லை. இதை மறைத்து வணிகம் நடந்த காலம் உண்டு. பாலியூரித்தேன், பாலிஸ்டைரீன் நுரைகளை ‘எரியாதவை’, ‘தானே அணைபவை’ என்று சொல்லி விற்றதற்காக, 1973-ல் அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் தயாரிப்பாளர்கள்மீது நடவடிக்கை எடுத்தது. அந்தச் சொற்களுக்கு அடிப்படையான சோதனைமுறையை வகுத்த தர அமைப்பும் அந்த வழக்கில் சேர்க்கப்பட்டது.

பெரிய தீயைப் பற்றிய கேள்விக்கு ஓரளவு விடை தருவது கூம்புக் கலோரிமீட்டர். பெரும்பாலான கரிமப் பொருள்கள் எரியும்போது, செலவாகும் ஒவ்வொரு கிலோ ஆக்சிஜனுக்கும் ஏறத்தாழ 13.1 மெகாஜூல் வெப்பம் வெளிப்படும். 1917-ல் தார்ன்டன் கவனித்த இந்த ஒற்றுமையை வைத்து, 1982-ல் அமெரிக்கத் தேசியத் தர நிலையத்தில் பாப்ராஸ்காஸ் இக்கருவியை உருவாக்கினார். 10 செ.மீ. சதுரத் தகட்டின்மேல் கூம்பு வடிவ அடுப்பு வெப்பத்தைப் பாய்ச்ச, புகையில் குறைந்திருக்கும் ஆக்சிஜனை அளந்து, தீ நொடிக்கு நொடி எவ்வளவு வெப்பம் விடுகிறது என்று கணக்கிடலாம். தீயின் ஆபத்தை மதிப்பிடுவதில் இது மிக முக்கியமான அளவு.

பிளாஸ்டிக்கில் கலக்கும் தீத்தடுப்புச் சேர்மங்கள், தொடக்கத்தில் சொன்ன எரிதல் சுழற்சியைத்தான் வெவ்வேறு இடங்களில் அறுக்கின்றன. அலுமினியம் ஹைட்ராக்சைடு 200 டிகிரியை ஒட்டிச் சிதைந்து, தன் எடையில் மூன்றில் ஒரு பங்கை நீராவியாக விட்டுக் குளிர்விக்கிறது. பாஸ்பரஸ் சேர்மங்கள் மேற்பரப்பில் கரிப்போர்வை உருவாக்குகின்றன. புரோமின் சேர்மங்கள் சுடருக்குள்ளேயே வினையை முறிக்கின்றன. ஆனால் இவற்றில் சில, மண்ணிலும் உடலிலும் தங்கிவிடுபவை. 2009 முதல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் தடைப்பட்டியலில் சேர்க்கப்பட்டு வருகின்றன.

சோதனை முடிவைத் தவறாகக் கையாண்டால் என்ன ஆகும் என்பதை லண்டனின் கிரென்ஃபெல் கோபுரம் காட்டியது. 2017 ஜூன் 14 அதிகாலை, நான்காம் மாடிச் சமையலறைத் தீ ஜன்னல் வழியே வெளிச்சுவர் உறையைப் பற்றி, 20 நிமிடங்களுக்குள் உச்சியை எட்டியது. 72 பேர் இறந்தார்கள். உறையில் இரண்டு மெல்லிய அலுமினியத் தகடுகளுக்கு நடுவே இருந்தது 3 மி.மீ. பாலிஎத்திலீன். அதே பலகை தட்டையாக ஆணியடித்துப் பொருத்தப்பட்டபோது ஐரோப்பியச் சோதனையில் ‘பி’ வகுப்புப் பெற்றிருந்தது. விளிம்புகளை மடித்துப் பெட்டிபோல மாட்டும் வடிவில் அது மிக மோசமாக எரிவது 2004-ம் ஆண்டுச் சோதனையிலேயே தெரிந்திருந்தது. கோபுரத்தில் மாட்டப்பட்டது பெட்டி வடிவம்.

இந்திய வீடுகளுக்கான பிவிசி மின்கம்பிச் சுருளின் உறையிலும் இத்தகைய சோதனைகளைக் குறிக்கும் எழுத்துகள் உண்டு. ‘எஃப்.ஆர்.’ என்றால் தீ கம்பி வழியே எளிதில் பரவாது என்று மட்டுமே பொருள். புகையைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. ‘எஃப்.ஆர்.எல்.எஸ்.’ என்றால் ஆக்சிஜன் குறியீடு குறைந்தது 29 இருக்க வேண்டும். புகைக்கும் அமில வாயுவுக்கும் வரம்பு உண்டு. குளோரின் போன்ற ஹாலஜன் இல்லாத கம்பியில் அந்த அமில வாயுவே கிட்டத்தட்ட வராது. வீட்டுக்குக் கம்பி வாங்குபவர்கள் கடையில் எழுத்துகளை முழுவதும் படித்து, புகைக்கான எழுத்தும் இருக்கிறதா என்று கேட்டு வாங்குவது நல்லது.