சாம்பிளைப் பார்த்துக் கடைந்தால் போதுமா? பழைய பைக்குக்குப் பாகம் செய்வது பற்றிச் சில குறிப்புகள்

மைசூரில் எஸ்டி வண்டிகளைச் செய்துகொண்டிருந்த ஐடியல் ஜாவா ஆலை 1996-இல் மூடப்பட்டது. யமஹா ஆர்.எக்ஸ். 100 உற்பத்தி நின்றதும் அதே ஆண்டில்தான். ஆனால் கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கம் போனால் இந்த வண்டிகளை இன்றும் பார்க்கலாம். சில வண்டிகள் ஆசைக்கு வைத்திருப்பவை. மற்றவை பால்கேன், புல்லுக்கட்டு, உரமூட்டை என்று தினமும் சுமப்பவை. ஜாவா 2018-லும் எஸ்டி 2022-லும் மறுபடி சந்தைக்கு வந்தது உண்மைதான். பெயர்தான் பழசு, என்ஜின் வேறு. அதன் பாகம் பழைய வண்டிக்கு ஆகாது.

அப்படியானால் பாகம் எங்கிருந்து வருகிறது? சென்னை புதுப்பேட்டை மாதிரியான இடங்களில் பிரித்துப் போட்ட வண்டியிலிருந்து எடுக்கலாம். டூப்ளிகேட் வாங்கலாம். ரெண்டும் கிடைக்காவிட்டால் செய்துகொள்ள வேண்டியதுதான்.

கோவில்பட்டியில் செய்வதற்கு ஆள் உண்டு. மானாவாரி கரிசல் பூமிதான், ஆனாலும் இது பஞ்சாலை ஊர், தீப்பெட்டி ஊர். கிணற்று மோட்டாருக்கும் தீப்பெட்டி ஆலை மெஷினுக்கும் புஷ், ஷாஃப்ட் கடைந்து கொடுக்கிற லேத் பட்டறைக்கு பைக் புஷ் ஒன்றும் பெரிய வேலை இல்லை. போனதும் கேட்கிற முதல் கேள்வி, "சாம்பிள் இருக்கா அண்ணாச்சி?" சிக்கல் அந்த சாம்பிளிலிருந்துதான் தொடங்குகிறது. அதன் உருவத்தை மட்டும் நகல் எடுத்தால் போதாது. அதற்கு முன் மூன்று கேள்விகள் இருக்கின்றன.

முதல் கேள்வி: அளவை எங்கிருந்து எடுப்பது?

நம் கையில் இருப்பது தேய்ந்த பாகம். அதை அப்படியே அளந்து கடைந்தால் தேய்மானத்தையும் சேர்த்துக் கடைந்ததாகிவிடும். பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் புஷ்ஷை எடுத்துக்கொள்ளுங்கள். உள்துளை வட்டமாக இருக்காது, முட்டை வடிவத்துக்கு வந்திருக்கும். அந்தத் துளையை அளப்பதில் பயன் இல்லை. வெளிவிட்டத்தை, அது உட்கார்ந்திருந்த குழாயில் அளக்க வேண்டும். உள்விட்டத்தை, அதற்குள் போகும் பின்னில் அளக்க வேண்டும். அந்தப் பின்னிலும் புஷ் உரசாத ஓரப் பகுதியில்தான் பழைய அளவு மிச்சம் இருக்கும். அதனால் பட்டறைக்கு சாம்பிளை மட்டும் கொண்டுபோகாமல், அதோடு சேர்ந்து வேலை செய்யும் பாகங்களையும் கொண்டுபோவதே சரி.

இன்னொன்று, புஷ்ஷை இறுக்கி அடித்து ஏற்றினால் அதன் உள்துளை சற்றுச் சுருங்கும். அதனால் துளையைக் கொஞ்சம் குறைவாக விட்டு, ஏற்றிய பிறகு ரீமர் போட்டு அளவுக்குக் கொண்டுவருவார்கள். இங்கே பேச்சு 'தௌ' கணக்கில் நடக்கும். ஒரு தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, ஏறக்குறைய 0.025 மி.மீ.

மரையிலும் இதே வம்பு உண்டு. பழைய புல்லட் பிரிட்டிஷ் வடிவமைப்பு. சென்னையில் உற்பத்தி தொடங்கிய பிறகும் பல இடங்களில் அங்குல மரையே நீடித்தது. நம்மூர்க் கணக்கில் ரெண்டரை நூல் போல்ட் என்றால் 5/16 அங்குலம், அதாவது 7.94 மி.மீ. கடையில் கிடைக்கும் 8 மி.மீ. போல்ட்டைப் பக்கத்தில் வைத்தால் கண்ணுக்கு ரெண்டும் ஒன்றுதான். ஆனால் பி.எஸ்.எஃப். மரையில் அங்குலத்துக்கு 22 சுற்று, ஒரு சுற்றுக்கு 1.15 மி.மீ. மெட்ரிக்கில் ஒரு சுற்றுக்கு 1.25 மி.மீ. முதல் ரெண்டு சுற்று ஏறும், பிறகு இறுகும். "டைட்டாத்தான் இருக்கு" என்று ஸ்பேனரைப் போட்டு அழுத்தினால் போவது போல்ட் இல்லை, அலுமினிய என்ஜின் கேசிங்கில் இருக்கும் மரை. ஒரு மரை கேஜ் வாங்கி வைத்துக்கொண்டால் இந்தச் சேதம் மிச்சம்.

இரண்டாவது கேள்வி: எது தேய வேண்டும்?

ரெண்டு பாகம் உரசினால் ஒன்று தேயத்தான் செய்யும். மாற்றுவதற்குச் சுலபமான, விலை குறைந்த பாகம் தேயட்டும் என்பதுதான் வடிவமைத்தவர்களின் யோசனை. அதனால்தான் புஷ் கன்மெட்டலில், ஷாஃப்ட் இரும்பில். புஷ் சீக்கிரம் தேய்கிறது என்று அதை இரும்பில் கடைந்து போட்டால், அடுத்த முறை ஷாஃப்ட்டையும் மாற்ற வேண்டிவரும். வீட்டில் உடைந்த வெண்கலப் பாத்திரம் கிடக்கிறதே, உருக்கிக்கொள்ளலாமா என்றால் அதுவும் ஆகாது. பாத்திர வெண்கலத்தில் வெள்ளீயம் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கும். தட்டினால் கணீரென்று கேட்கும், அடி விழுந்தால் விரிசல் விடும். கன்மெட்டலில் வெள்ளீயம் பத்து சதவீதம் போலத்தான்.

இதற்கு நேர் எதிர், கியர், கிக்கர் பல் மாதிரியானவை. அவற்றின் மேல்தோல் மட்டும் கடினமாக்கப்பட்டிருக்கும். சாதா இரும்பில் அதே பல்லைக் கடைந்தால் பார்க்க அச்சு அசலாக இருக்கும், ஆனால் உதைக்க உதைக்க மழுங்கிவிடும். எஸ்டியில் கிக்கரும் கியர் லீவரும் ஒரே லீவர்தான். அங்கே பல் போனால் ரெண்டு வேலையும் நின்றுவிடும். ஏற்ற உருக்கும் வெப்பப் பதமும் இல்லாமல் இந்த வகைப் பாகத்தில் கை வைப்பது வீண்.

கரிசல் மண்ணில் இந்தத் தேய்மானக் கணக்கு இன்னும் முக்கியம். மழை பெய்தால் இந்த மண் ஊதிப் பசையாகிவிடும். மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவில் அப்பிக்கொண்டு சக்கரத்தையே நிறுத்தும். கோடையில் புழுதியாகி கிரீஸோடு கலந்துவிட்டால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரிதான். புஷ் புதிதாகப் போடுகிறவர்கள் அதன் ரப்பர் சீலையும் புதிதாகப் போட வேண்டும்.

மூன்றாவது கேள்வி: இது போனால் என்ன ஆகும்?

கிளச் கேபிளை வீட்டிலேயே செய்யலாம். கம்பி நுனியைப் பித்தளை நிப்பிளுக்குள் விட்டு, இழைகளைப் பூ மாதிரி விரித்து, சுத்தம் செய்து, உருகிய ஈயத்தில் முக்கி எடுக்க வேண்டும். பிடிமானம் அந்த விரித்த நுனியில்தான். விரிக்காமல் ஈயத்தை மட்டும் நம்பினால் உருவிக்கொண்டு வந்துவிடும். பிரேக் கேபிளுக்கும் வேலை இதேதான். ஆனாலும் அதை நான் செய்ய மாட்டேன். கிளச் கேபிள் அறுந்தால் வண்டியைத் தள்ளிக்கொண்டு வரலாம். பிரேக் கேபிள் அறுந்தால் நிறுத்த முடியாது. ஆக்ஸில், ஸ்டியரிங், ஃபோர்க் போல்ட் எல்லாம் இந்தப் பட்டியலில்தான்.

சாதுவாகத் தெரியும் பாகங்களும் ஏமாற்றும். கேஸ்கட்டைப் பேக்கிங் பேப்பரில் வெட்டுவது எளிது. பேப்பரைக் கவர் மேல் வைத்து, உருண்டை முனைச் சுத்தியலால் ஓரத்தில் மெல்லத் தட்டினால் அதுவே வெட்டிக்கொடுக்கும். அவசரத்துக்குக் கல்யாணப் பத்திரிகை அட்டையில் வெட்டுகிறவர்களும் உண்டு. கியர் ஆயில் கவரில் என்றால் கசிவோடு போகும். டூ ஸ்ட்ரோக் வண்டியின் கிராங்க்கேஸ் இணைப்பில் போட்டால் வெளிக்காற்று உள்ளே போய், பெட்ரோலும் அதோடு வரும் ஆயிலும் காற்றுக்குப் போதாமல் சூடேறி, பிஸ்டன் பிடித்துவிடும். டியூப் ரப்பர் டேங்க்குக்கு அடியில் மெத்தையாக நன்றாக உழைக்கும். பெட்ரோல் டேப்பில் வாஷராகப் போட்டால் ஊதிப்போகும். அங்கே நைட்ரைல் ரப்பர்தான் தாங்கும்.

செம்பு வாஷர் மட்டும் யாரும் தைரியமாகச் செய்யலாம். ஒருமுறை நசுங்கிய வாஷர் கெட்டிப்பட்டிருக்கும். சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் மறுபடி மெதுவாகிவிடும். உருக்கைக் கெட்டியாக்கும் அதே வேலை செம்பை இளக்குகிறது.

பட்டறைக்குப் போகிறவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். கடைந்து முடிந்ததும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்: எந்த வண்டி, எந்த வருஷ மாடல், உள்விட்டம், வெளிவிட்டம், நீளம், எந்த உலோகம், எந்த மரை. இந்த அளவுகள் இப்போது பெரும்பாலும் வயதான லேத்காரர்களின் நினைவில்தான் இருக்கின்றன. அடுத்து அதே பாகத்துக்கு அலைகிறவருக்கு, தேய்ந்த சாம்பிளைவிட உங்கள் நோட்டில் இருக்கும் ஒரு பக்கம் அதிகம் உதவும்.