கணக்கு எழுதுபவர் முதலீட்டு ஆலோசனை சொல்லலாமா?

அறந்தாங்கியிலோ பொன்னமராவதியிலோ ஒரு கடைக்காரரின் வரவு செலவை முழுக்க அறிந்தவர், அவருக்கு ஜி.எஸ்.டி. கணக்குப் பார்ப்பவர்தான். "மிச்சப் பணத்தை எதில் போடலாம் சார்?" என்ற கேள்வியும் அவரிடமே வருகிறது. அப்படித்தான் பலர் கணக்கு வேலையிலிருந்து நிதி ஆலோசனைக்கு வருகிறார்கள். வரலாம், ஆனால் பதிவு செய்துகொண்டு வர வேண்டும்.

எந்தப் பதிவு?

கட்டணம் வாங்கிக்கொண்டு பங்கு, மியூச்சுவல் ஃபண்டு பற்றி ஆலோசனை சொல்ல, 2013ஆம் ஆண்டு விதிகளின்படி, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபியில் பதிவு வேண்டும். பி.காம். பட்டம் போதும், முன்அனுபவ நிபந்தனையை 2024 டிசம்பர் திருத்தம் நீக்கிவிட்டது. என்.ஐ.எஸ்.எம். நிறுவனத்தின் 10-ஏ, 10-பி தேர்வுகளில் தேற வேண்டும். 150 வாடிக்கையாளர் வரை 1 லட்சம் ரூபாய் வைப்புத்தொகை கட்ட வேண்டும்.

பட்டயக் கணக்காளருக்கு விலக்கு உண்டு. ஆனால் தம் தொழிலின் ஊடே சொல்லும் யோசனைக்கு மட்டுமே அது பொருந்தும். ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்ப்பதால் மட்டும் அந்த விலக்கு கிடைக்காது.

கமிஷனுக்கு ஃபண்டு விற்பவர் விநியோகஸ்தர். அவருக்கு என்.ஐ.எஸ்.எம். 5-ஏ தேர்வும், மியூச்சுவல் ஃபண்டு நிறுவனங்களின் சங்கமான ஆம்ஃபி தரும் ஏ.ஆர்.என். பதிவு எண்ணும் தேவை. ஒரே வாடிக்கையாளரிடம் ஆலோசனைக் கட்டணமும் விற்பனைக் கமிஷனும் பெறக் கூடாது.

எங்கே ஆபத்து?

மாதம் 25, 30 சதவீத வட்டி என்று ஆசைகாட்டிய ஆருத்ரா கோல்டு மோசடி 2022இல் வெளிவந்தபோது, நிர்வாகிகளோடு முகவர்களும் கைதானார்கள். தெரிந்தவர்களைச் சேர்த்துவிட்டால் கமிஷன் என்று யாராவது அழைத்தால், கணக்கர்கள் இதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

வாடிக்கையாளரின் உரிமை

ஆலோசகரின் பதிவு எண் 'ஐ.என்.ஏ.' என்று தொடங்கும். செபி இணையதளத்தில் சரிபாருங்கள். எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் கேளுங்கள். நிலையான கட்டணம் என்றால் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 1,51,000 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது. ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். லாபத்துக்கு உத்தரவாதம் தருகிறவரிடம் பணத்தை ஒப்படைக்காதீர்கள்.

எங்கே புகார் செய்வது?

பதிவு பெற்றவர் மீது செபியின் ஸ்கோர்ஸ் தளத்தில் புகார் தரலாம். 21 நாளில் பதில் வர வேண்டும். கட்டணமில்லாத் தொலைபேசி: 1800 22 7575. டெபாசிட் மோசடி என்றால் பொருளாதாரக் குற்றப் பிரிவுக்குப் போங்கள். 1997ஆம் ஆண்டின் தமிழ்நாடு முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி மோசடி நிறுவனத்தின் சொத்தை முடக்க வழி உண்டு. இணையவழியில் பணம் பறிபோனால் உடனே 1930ஐ அழையுங்கள்.

பல வருடப் பழக்கம் பதிவுச் சான்றாகாது. கணக்கர் எவ்வளவு நெருக்கமானவர் என்றாலும் பதிவு எண்ணைக் கேட்டுவிட்டுப் பணத்தை எடுங்கள்.