அலகும் நீரும்

தமிழர் நிலத்தை ஐந்திணையாகப் பகுத்து, ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருள்களை வகுத்தனர். அவற்றுள் உணவும் உண்டு, புள்ளும் உண்டு. நிலத்தையும் நீரையும் உணவையும் பறவையையும் ஒன்றாக வைத்து நோக்கிய அப்பார்வையையே இன்றைய அறிவியல் சூழலியல் என்கிறது.

தென்கடல் வேட்டை

பறவையின் அலகைக் கொண்டே அதன் உணவை ஓரளவு உய்த்துணரலாம். தென்துருவக் கடலில் வாழும் பெங்குயின் இதற்குச் சான்று. அதன் சிறகு வானில் பறப்பதற்கன்று, நீரைத் துழாவி விரைவதற்கே உதவுகிறது. பேரரசப் பெங்குயின் 500 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழம்வரை மூழ்கி மீனையும் கணவாயையும் வேட்டையாடும். வழுவழுப்பான இரை நழுவாதிருக்க அதன் நாவில் உள்நோக்கி வளைந்த முட்கள் அமைந்துள்ளன.

அக்கடலின் உணவுவலை மிகச் சிறிய பாசியிலிருந்து தொடங்குகிறது. பனிக்கட்டியின் அடிப்பரப்பில் வளரும் பாசியைக் கிரில் என்னும் சிற்றுயிர் உண்ணும். கிரில்லை மீனும் கணவாயும் உண்ணும்; இவை அனைத்தையும் பெங்குயின் உண்ணும். கடற்பனி குறைந்தால் பாசி குறையும். அக்குறைவு படிப்படியாக ஏறி, பெங்குயின் குஞ்சின் பசியில் வந்து முடியும்.

> தெரியுமா?
> கணவாயின் வாயில் கிளியலகை ஒத்த கடினமான அலகு உண்டு. அது பறவையின் வயிற்றில் எளிதில் செரிப்பதில்லை. பெங்குயினின் வயிற்றில் எஞ்சியிருக்கும் இவ்வலகுகளைக் கொண்டு, அது எவ்வகைக் கணவாயை உண்டது என்பதை ஆய்வாளர் அறிகின்றனர்.

தாம்பரத்தின் அருகே ஓர் உணவுவலை

இத்தகைய உணவுவலையைக் காணத் தென்துருவம் செல்லவேண்டியதில்லை. தாம்பரத்திலிருந்து வேளச்சேரி செல்லும் சாலையிலேயே அது விரிந்து கிடக்கிறது. அதுவே பள்ளிக்கரணைச் சதுப்புநிலம். தாம்பரம், சேலையூர், மாடம்பாக்கம் முதலிய பகுதிகளின் மழைநீர் ஏரிகளில் தங்கி, நிரம்பி வழிந்து இங்கு வந்து சேரும். செம்பாக்கம் ஏரியின் மிகைநீர் நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஏரிகளைக் கடந்து இச்சதுப்பை அடைவது அதற்கோர் எடுத்துக்காட்டு. இங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து, கோவளம் கழிமுகத்தில் நீர் கடலோடு கலக்கிறது.

மழைக்காலத்தில் நன்னீர் பெருகுவதும், கோடையில் நீர் வற்றிச் சேறு வெளிப்படுவதும் சதுப்பின் இயல்பு. இம்மாற்றமே அதன் வளத்திற்குக் காரணம். பாசி, பூச்சி, புழு, நத்தை, மீன் என ஒவ்வொன்றும் தனக்கேற்ற பருவத்தில் பெருகும். அவற்றை நாடி, உள்நாட்டுப் பறவைகளோடு வடபுலத்திலிருந்து வலசை வரும் பறவைகளும் இங்கே கூடுகின்றன.

ஒரே பந்தி, வெவ்வேறு அலகு

பல்வகைப் பறவைகள் ஒரே நீர்நிலையில் போட்டி மிகாமல் வாழ்வது எவ்வாறு? விடை அவற்றின் அலகிலும் காலிலும் உள்ளது.

பூநாரை தலையைக் கவிழ்த்து, வளைந்த அலகை ஆழமற்ற நீரில் அமிழ்த்தும். நாவால் நீரை உள்ளிழுத்து வெளியேற்றும்போது, அலகின் ஓரத்திலுள்ள சீப்புப் போன்ற அமைப்பு பாசியையும் நுண்ணுயிரிகளையும் வடிகட்டித் தரும். அவ்வுணவிலுள்ள நிறமிகளே பூநாரைக்கு இளஞ்சிவப்பு நிறத்தைத் தருகின்றன. பிறக்கும்போது அதன் குஞ்சு சாம்பல் நிறமுடையது.

கூழைக்கடா, அலகின் கீழுள்ள பையால் மீனை நீரோடு அள்ளி, நீரை வடித்துவிட்டு விழுங்கும். சங்குவளை நாரை அலகைச் சற்றே திறந்து நீரில் அசைத்து, மீன் தொட்டவுடன் கவ்வும். நெடுங்கால் உள்ளான் சேற்றோரத்தில் பூச்சிகளைப் பொறுக்கும். இலைக்கோழி நீண்ட விரல்களால் மிதக்கும் இலைகளின்மேல் நடந்து இரைதேடும். நீர்க்காகம் நீரில் மூழ்கி மீனைத் துரத்திப் பிடிக்கும். வேட்டை முறையில் பெங்குயினுக்கு நெருங்கிய பறவை இதுவே. ஆயினும் பெங்குயின் சிறகால் நீந்தும். நீர்க்காகம் காலால் உந்தி நீந்தும்.

ஆகவே, ஒரு நீர்நிலையில் பலவகை அலகுகள் காணப்பட்டால், அங்குப் பலவகை ஆழங்களும் பலவகை உணவுகளும் உள்ளன என்பது பொருள்.

அறுபடும் கண்ணி

பள்ளிக்கரணைச் சதுப்பு இன்றுள்ளதைப்போலப் பன்மடங்கு பரந்திருந்தது. குடியிருப்புகளும் நிறுவனங்களும் சாலைகளும் அதன் பெரும்பகுதியைக் கவர்ந்துகொண்டன. பெருங்குடிப் பகுதியில் பல்லாண்டுகளாக நகரின் குப்பை கொட்டப்பட்டது.

கழிவுநீர் கலந்தால் ஆகாயத்தாமரை தழைத்து நீர்ப்பரப்பை மூடும். கதிரொளி உட்புகாததால் நீருக்குள் பாசி வளராது, உயிர்வளியும் குறையும். மீன் மடியும், மீனுண்ணும் பறவை அகலும். மண் கொட்டி மேடாக்கினால் ஆழ வேறுபாடே அழிந்துவிடும். தென்துருவத்தில் பனி குறைவதும் இங்கே நீர் கெடுவதும் வெவ்வேறு நிகழ்வுகளே; ஆனால் இரண்டிலும் அறுபடுவது உணவுவலையின் அடிக்கண்ணியே.

நீரின் கணக்கு

சதுப்பு பறவைக்கு மட்டும் உரியதன்று. அது பெருமழையை ஏந்தி, மெல்ல வெளியேற்றி, நிலத்தடிநீரைப் பெருக்குகிறது. 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 49 செ.மீ. மழை பதிவாயிற்று. தங்குவதற்குரிய இடத்தை இழந்த வெள்ளம் தென்சென்னையின் தெருக்களிலும் வீடுகளிலும் தங்கியது. ஒரு நீர்நிலையைத் தூர்ப்பதால் அங்கு வரும் நீர் இல்லாமற் போவதில்லை. அது நிற்கும் இடம் மட்டுமே மாறுகிறது.

மக்களும் ஆர்வலர்களும் தொடர்ந்து குரல் கொடுத்ததன் பயனாக, 2007இல் சதுப்பின் 317 ஹெக்டேர் பரப்பு காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022இல் ஏறத்தாழ 1,248 ஹெக்டேர் பரப்பு, பன்னாட்டு முதன்மை வாய்ந்த ஈரநிலமாக ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. எல்லை வரையறுத்தல் முதற்படியே. மேலுள்ள ஏரிகள் தூய்மையாக இருந்தால்தான் கீழுள்ள சதுப்பும் தூய்மையாக இருக்கும். செம்பாக்கத்துக் கால்வாயில் விழும் கழிவு பள்ளிக்கரணைப் பூநாரையின் அலகை எட்டும்.

சேற்றில் அலகைப் புதைத்து நிற்கும் பறவை தன் இரையைத் தேடுகிறது. அதைக் காண்போர்க்கு அந்நீர் உயிரோடிருக்கிறது என்னும் செய்தி கிடைக்கிறது. அப்பறவை வாராத ஆண்டில் எழவேண்டிய வினா, பறவை எங்கே என்பதன்று. நீருக்கு என்ன நேர்ந்தது என்பதே.