பின்னிருக்கைப் பொதி

வைகறை ஐந்தரை மணியளவில் நாவற்குழிச் சந்தியில் நின்று பார்ப்பவர்க்கு ஒரு காட்சி கிட்டும். யாழ்ப்பாண நகரிலிருந்து கண்டி வீதியால் வருகின்ற மோட்டார் சைக்கிள்களிற் பல, சந்தியில் வேகந் தணிந்து, வலப்புறமாகத் திரும்பி, மன்னார் வீதியாகிய ஏ 32இல் இறங்குகின்றன. விளக்குகள் அணைக்கப்படாத நேரம். ஓட்டுவோரின் முகங்கள் தலைக்கவசங்களுள் மறைந்திருக்கும். ஆயினும் இவர் இன்ன தொழிலுக்குப் போகிறவர் என்று அறிய முகம் வேண்டியதில்லை. பின்னிருக்கையிற் கட்டியுள்ள பொதியே போதும். மட்டப்பலகையும் சாந்தகப்பையும் உரப்பைக்குள்ளிருந்து தலைநீட்டினால் அவர் மேசன். எதிர்த்திசையிலிருந்து வெள்ளை றெஜிபோம் பெட்டியுடன் நீர் சொட்டச் சொட்ட விரைகின்றவர் மீன் வியாபாரி. சாப்பாட்டுப் பெட்டி, இரண்டு போத்தல் தண்ணீர், பொலித்தீனிற் சுற்றிய அப்பியாசக் கொப்பிக் கட்டு, இவை மூன்றும் சேர்ந்திருந்தால் அவர் பூநகரிப் பக்கத்துப் பாடசாலையொன்றின் ஆசிரியர். ஐயமே வேண்டாம்.

அந்த மூன்றாவது கூட்டத்தில் யானும் பல ஆண்டுகள் ஒருவனாயிருந்தேன். கஷ்டப் பிரதேசச் சேவை என்று கடிதத்தில் எழுதியிருந்தார்கள். கஷ்டம் பிரதேசத்தில் இருக்கிறதா, அதற்குப் போகும் வழியில் இருக்கிறதா என்பதைக் கடிதம் சொல்லவில்லை.

ஏழரை மணிக்குப் பாடசாலை தொடங்கும். வரவுப் பதிவேட்டில் அந்நேரத்தோடு அதிபர் ஒரு சிவப்புக் கோடு இழுப்பார். கோட்டுக்கு மேலே கையொப்பமிட்டவர் நேரத்திற்கு வந்தவர். கீழே இட்டவர் பிந்தியவர். இடையில் மூன்றாவது சாதி கிடையாது. காற்று, மழை, சில்லில் ஏறிய ஆணி, நடுவீதியிற் படுத்திருந்த மாடு ஆகிய எவற்றுக்கும் அப்பதிவேட்டில் நிரல் ஒதுக்கப்படவில்லை. ஆகவே வீட்டிலிருந்து புறப்படும் மனிதன் தன் பிரயாணத்தை மட்டுமன்றி, பிரயாணத்தில் நேரக்கூடிய இடையூறுகளுக்கான பரிகாரங்களையும் பொதியாகக் கட்டிக்கொண்டே புறப்படவேண்டியவனாகிறான்.

சங்குப்பிட்டிப் பாலம் 2011ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அதற்கு முந்திய காலத்தில் கேரதீவிலிருந்து சங்குப்பிட்டிக்குக் கடல்நீரேரியைப் ‘பாதை’யிற் கடந்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கின்றனர். மிதவைக்குப் பாதை என்று பெயரிட்ட நம் முன்னோரின் சொல்லாட்சி வியக்கத்தக்கது. நிலத்தில் இருப்பதும் நீரில் மிதப்பதும் அவர்களுக்கு ஒன்றே. பாதையும் இல்லாது போன காலத்திற் பூநகரிக்குப் போக வேண்டியவர் ஆனையிறவைக் கடந்து பரந்தனைச் சுற்றிச் செல்லவேண்டும். தூரம் ஏறக்குறைய இருமடங்காகும். பாலம் வந்தபின்புதான் நகரிலே குடியிருந்துகொண்டு பூநகரியிற் படிப்பிப்பது நாள்தோறும் ஆகக்கூடிய காரியமாயிற்று. ஆசிரியர் பாடசாலைக்கருகே வாடகைக்கு அறை எடுத்துத் தங்கி, மாலையிற் பிள்ளைகளோடு பந்தடித்த வழக்கமும் அத்துடன் அருகிப்போயிற்று. பாலம் தந்ததை மட்டும் சொல்லி, கொண்டுபோனதைச் சொல்லாது விடுவது முறையன்று.

இனிப் பொதியைச் சற்று அவிழ்த்துப் பார்ப்போம்.

தண்ணீரே பொதியின் பாரத்தில் அரைவாசி. பூநகரிப் பகுதியிற் பல கிணறுகள் உவர்நீர்க் கிணறுகள். நகரத்து நாக்குக்கு அது இறங்காது. அங்கே பிறந்த பிள்ளை அந்நீரைக் குடித்துவிட்டு நம்மைப் பார்க்கும்போது, நமது போத்தலைத் திறப்பதற்குச் சிறிது வெட்கமாகவே இருக்கும். இரண்டாவது போத்தல் அந்த வெட்கத்தினாற் சேர்ந்தது. அது வகுப்பிலே மேசைமேல் நிற்கும்; யாரும் குடிக்கலாம்.

அடுத்தது மழைக்கோட்டு. அதனை எல்லாவற்றுக்கும் மேலே வைக்கவேண்டும் என்பதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஓர் ஐப்பசி மாதம் முழுவதும் தேவைப்பட்டது. பெண் ஆசிரியைகளின் பொதியில் ஒரு சேலையும் இருக்கும். ஸ்கூட்டியில் வருவோர் சிலர் பாடசாலைக்கு அண்மையிலுள்ள வீடொன்றில் இறங்கி, உடை மாற்றிச் சேலையுடுத்து, பின்னர் வாயிலுக்குட் செல்வர். சேலையோடே ஓட்டி வருவோரும் உளர். சேலைத்தலைப்பும் சுழலும் சில்லும் ஒன்றையொன்று நாடும் இயல்பின. இந்திய மோட்டார் சைக்கிள்களில் இடப்புறம் பின்சில்லின்மேல் ஒரு கம்பித் தடுப்புப் பொருத்தியிருப்பது இதற்காகவே. பலர் அதனைப் பொதியைக் கொழுவும் இடமென்றே எண்ணியிருக்கின்றனர்.

பொதியின் அடியிலே கிடப்பன கருவிகள்: பிளக் கழற்றும் ஸ்பானர், மேலதிகமாக ஒரு பிளக், ஒட்டுத் துண்டு, சொலூசன், கந்தைத்துணி. புதிய வண்டி வைத்திருக்கும் இளைஞர்கள் இவற்றைப் பார்த்துச் சிரிப்பார்கள். இக்கருவிகள் எந்தக் காலத்தில் என் பொதிக்குள் வந்து சேர்ந்தன என்பதை அவர்கள் அறியார்.

1990ஆம் ஆண்டின் நடுப்பகுதியிற் போர் மீண்டும் மூண்டபின், குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட அக்காலத்திலே மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. ஆதலின் குளிர்ந்த இயந்திரம் அதனை ஏற்றுக்கொள்ளாது. சிறு போத்தலொன்றில் உயிரைப்போலக் காத்து வைத்திருந்த பெற்றோலிற் சில துளிகளைக் காபரேட்டருக்குட் செலுத்தி, உதைத்து இயக்கி, இயந்திரம் சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாறவேண்டும். வெண்புகை வீதியை மூடும். ஓட்டுபவர் மணம் ஓட்டுபவர் வருமுன்னே வகுப்புக்கு வந்துவிடும். எண்ணெய் முற்றாக எரியாததனாற் பிளக்கிற் கரி பிடிக்கும். வழியில் இறங்கி, கழற்றி, உரஞ்சி, மறுபடி பூட்டவேண்டும். அந்நாளைய பொதியில் முதலிடம் பெற்றிருந்தவை அச்சிறு போத்தலும் அந்த ஸ்பானருமே. பெற்றோல் தாராளமாக வந்தபின்பும் ஸ்பானரை வெளியே எடுத்துவைக்க எனக்கு மனம் வரவில்லை.

அவ்வாறு ஓடியவற்றுட் பல ஹொண்டா நிறுவனத்தின் சிறிய வண்டிகள். அவற்றின் முன்னோடியான ‘சுப்பர் கப்’ 1958இல் ஜப்பானில் வெளிவந்தது. 2017ஆம் ஆண்டளவில் அவ்வகை வண்டிகள் பத்துக் கோடி செய்யப்பட்டுவிட்டன. அதில் இடக்கைக்குக் கிளச்சுப் பிடி கிடையாது. சோபா என்னும் மா இழையுணவைத் தட்டில் ஏந்தி வீடுவீடாகக் கொடுக்கும் பையன் ஒரு கையாலேயே ஓட்டவேண்டும் என்பது அதனை ஆக்கியோரின் கருத்து என்பர். உலகில் மிகுதியாகச் செய்யப்பட்ட மோட்டார் வாகனம் வேகத்துக்காகப் பிறக்கவில்லை. ஒருவன் தன் சாமானோடு தொழிலுக்குப் போகப் பிறந்தது. எனக்கு இது பெரிய ஆறுதலாக இருப்பதுண்டு.

பொதியைக் கட்டுவதில் ஒரு நுட்பம் உண்டு. பாரம் பின்சில்லின் அச்சுக்கும் பின்னே போனால் முன்சில்லு இலேசாகிவிடும், கைபிடி சொற்கேளாது. பாரமானதை முன்னாலும் தாழ்விலும், இலேசானதைப் பின்னாலும் மேலும் வைத்தல் வேண்டும். தண்ணீர்ப் போத்தல்கள் இருபுறமும் ஒவ்வொன்றாக நிற்கவேண்டும். வெறும் வீதியில் இவற்றைப் பொருட்படுத்தாது போகலாம். கேரதீவு தாண்டி, இருபுறமும் நீர் விரியும் இடத்தில் அது நடவாது. வைகாசி தொடங்கிச் சோளகம் வீசும் மாதங்களில், வீதி தென்கிழக்காகச் செல்வதனாற் காற்று நேரே விலாவில் அறையும். போகையில் வலப்புறம், வருகையில் இடப்புறம். உயரக் கட்டிய பொதி அப்போது பாயாக மாறிவிடும். வண்டியைக் காற்றுக்குச் சற்றுச் சாய்த்துப் பிடித்தபடியே பாலத்தைக் கடக்கவேண்டும். தை, மாசியிலோ காலை வெயில் ஏறக்குறைய நேர்முகமாக நின்று கண்ணைக் குத்தும். உப்புநீர்த் தூறல் செயினையும் சில்லுக் கம்பிகளையும் தின்பதைப் பற்றித் தனியே ஒரு கட்டுரை எழுதலாம், எழுதப்போவதில்லை.

நான் பொதியைக் கடையில் விற்கும் கொளுக்கி வைத்த நாடாவினாற் கட்டிவந்தேன். ஒரு கார்த்திகை மாதத்தில் அது என்னைக் கைவிட்டது.

அன்று தவணைப் பரீட்சை முடிந்த நாள். ஒன்பதாந் தர மாணவர் முப்பத்தேழு பேரின் தமிழ் விடைத்தாள்களைக் கட்டிக்கொண்டு திரும்பினேன். மழை பிடித்தது. மழைக்கோட்டைப் போடுவதற்காகப் பொதியை அவிழ்த்து, அவசரத்திற் கொளுக்கியை அரைகுறையாக மாட்டிவிட்டேன் போலும். தனங்கிளப்புக்கு வந்து திரும்பிப் பார்த்தால் சாப்பாட்டுப் பெட்டி இருக்கிறது, விடைத்தாட் கட்டு இல்லை. என் வாழ்வில் அவ்வளவு வேகமாக நான் அதற்கு முன்னும் ஓட்டியதில்லை, பின்னும் ஓட்டியதில்லை. வந்த வழியே நான்கு கிலோமீற்றர் போனபின் வீதியோரத்து வெள்ளத்திற் கட்டு கிடந்தது. ஏதோ வாகனம் அதன்மேல் ஏறியிருக்கவேண்டும். பொலித்தீன் கிழிந்து, தாள்கள் ஊறிப்போயிருந்தன.

அன்றிரவு வீட்டு விறாந்தையில் கொடி கட்டித் தாள்களை உலர்த்தினோம். அப்போதுதான் ஒன்றைக் கண்டேன். குமிழ்முனைப் பேனையின் மை எண்ணெய்ப் பசையுள்ளது, நீரிற் கரையாது. ஜெல் பேனையின் மை நீரிற் கரைத்தது, கரைந்தோடிவிடும். மலிவான குமிழ்முனைப் பேனையால் எழுதிய முப்பத்திரண்டு பிள்ளைகளின் விடைகள் எழுத்தும் தப்பாமல் இருந்தன. வெளிநாட்டிலுள்ள மாமனோ சித்தியோ அனுப்பிய ஜெல் பேனையால் எழுதிய ஐவரின் தாள்களில் இளநீல மேகங்களே மிஞ்சின. அவற்றுள் ஒன்று வகுப்பின் முதன் மாணவியுடையது.

அடுத்த நாள் அவ்வைந்து பேரையும் மரநிழலுக்கு அழைத்து நடந்ததைச் சொன்னேன். வினாக்களை ஒவ்வொன்றாகக் கேட்கிறேன், நீங்கள் எழுதியதைச் சொல்லுங்கள் என்றேன். நால்வர் சொன்னார்கள், எல்லாம் சரியாகவே சொன்னார்கள். ஐந்தாவதாக அந்தப் பெண் வந்தாள். மூன்று வினாக்களுக்கு விடை சொல்லிவிட்டு நின்றாள்.

“சேர், நாலாம் கேள்விக்கு நான் பிழையாத்தான் எழுதினனான். வீட்ட போய்ப் பாத்தாப்பிறகு சரியான விடை தெரியும். இப்ப எதைச் சொல்ல?”

முப்பதாண்டுக்குக் கிட்டப் படிப்பித்த எனக்கு உடனே விடை வரவில்லை. கொளுக்கியைச் சரியாக மாட்டாதவன் நான், சோதனை அவளுக்கு. “எழுதினதைச் சொல்லும் பிள்ளை” என்றேன். சொன்னாள். அதற்குரிய புள்ளிகளைக் குறைத்தேன். அத்தவணை அவள் இரண்டாம் இடத்துக்குப் போனாள். முதலிடம் பெற்றவன் அந்த நால்வருள் ஒருவன். நான் செய்தது நீதியா என்று இன்றும் சில இரவுகளில் என்னையே கேட்டுக்கொள்கிறேன். நால்வரிடமும் அவளிடமும் ஒரே கேள்வியைக் கேட்டேன் என்பது ஒன்றே என் பக்கத்து நியாயம். அது போதிய நியாயமாக எனக்குத் தோன்றவில்லை.

அதன்பின் நாடாவை விட்டுவிட்டேன். பழைய ரியூப்பை நீளவாட்டில் வெட்டி எடுத்த வார் ஒன்றே இதற்கு ஏற்றது. நனைந்தாலும் வழுக்காது, இழுக்க இழுக்க இறுகும், கொளுக்கியை நம்பவேண்டியதில்லை, முடிச்சே போதும். நம் ஊர்ச் சைக்கிள் கரியர்களில் விறகும் வாழைக்குலையும் கட்டிய பாட்டன்மார் இதனை அறிந்திருந்தனர்.

2022ஆம் ஆண்டு எரிபொருள் நெருக்கடி வந்தது. அவ்வாண்டு ஆடி மாதத்தில் அறிமுகமான அனுமதி முறைப்படி மோட்டார் சைக்கிளுக்கு வாரத்திற்கு 4 லீற்றர் பெற்றோல். என் வீட்டிலிருந்து பாடசாலைக்குப் போக வர 80 கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவு. ஐந்து நாளுக்கு ஏறக்குறைய 400. லீற்றருக்கு 50 கிலோமீற்றர் ஓடும் வண்டிக்கு 8 லீற்றர் வேண்டும். சரி பாதி. கணக்குப் பாடத்தில் இதைவிட எளிய உதாரணம் கிடையாது. விடையும் எளிது: இருவர் ஒரு வண்டி. ஒரு வாரம் என்னுடையது, மறுவாரம் சக ஆசிரியருடையது. பாடசாலைகள் வாரத்திற் சில நாள்களே இயங்கிய காலமாதலால் ஒருவாறு சமாளித்தோம்.

ஆனாற் பின்னிருக்கையில் மனிதர் ஏறியதும் பொதிக்கு இடமில்லாது போயிற்று. இருவர் பொதியையும் ஒன்றாக்கவேண்டும். இரண்டு சாப்பாட்டுப் பெட்டிக்குப் பதில் ஒன்று. ஒருநாள் அவர் வீட்டுப் புட்டு, மறுநாள் என் வீட்டு இடியப்பம். கொப்பிக் கட்டு பின்னால் இருப்பவர் மடியில். பத்தாண்டுகளாக ஒரே ஆசிரியர் அறையில் இருந்த எங்களுக்கு, ஒருவர் பிள்ளைகளின் பெயரை மற்றவர் அறிய அந்த வாரங்கள் வேண்டியிருந்தன. “மாஸ்டர், மாடு!” என்று அவர் என் தோளிற் கையை வைத்து அழுத்திய காலை ஒன்று நினைவிருக்கிறது. இளஞ்சூட்டுத் தாரின்மேற் படுத்திருந்த கரிய எருமை இருளோடு இருளாய் இருந்தது, நான் காணவில்லை. இலங்கையின் வீதி விபத்துகளில் உயிரிழப்போருட் பெருந்தொகையினர் மோட்டார் சைக்கிளோட்டிகள் என்பதை நாளிதழில் வாசிப்பது வேறு; கைபிடியிலிருந்து விரல்களைப் பிரித்தெடுக்க முடியாமல் வீதியோரத்தில் நிற்பது வேறு. அன்று இருவரும் சிவப்புக் கோட்டுக்குக் கீழேயே ஒப்பமிட்டோம். காரணம் எழுதும் நிரல் இல்லாததால் ஒன்றும் எழுதவில்லை.

ஓய்வு பெறுவதற்கு முந்திய வாரம் புதிதாக நியமனம் பெற்ற ஆசிரியை ஒருவர், சைக்கிள் நிறுத்துமிடத்தில் தமது ஸ்கூட்டியின் பின்னே கொப்பிக் கட்டோடு போராடிக்கொண்டிருந்தார். “சேர், இது எப்பிடித்தான் விழாம நிக்குது உங்களுக்கு?” என்று கேட்டார். என் ரியூப் வாரை அவிழ்த்து அவருக்குக் கட்டிக்காட்டினேன்: அடியால் ஒருமுறை, குறுக்கே ஒருமுறை, முடிச்சு இடப்புறம். வாரை அவரே வைத்துக்கொண்டார். பிளக் ஸ்பானரையும் நீட்டினேன். அதனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது என்னத்துக்கு சேர்?” என்றார்.

மணி அடித்துவிட்டது. சொல்ல நேரம் இருக்கவில்லை.