பழைய கார் விற்பனையும் வீணாகும் காலமும்

புணே நகரை அடுத்துள்ள பிம்ப்ரி, இந்திய மோட்டார் தொழிலின் வளர்ச்சியில் தனியிடம் பெற்ற ஊராகும். 1954இல் இந்துஸ்தான் ஆன்டிபயாட்டிக்ஸ் என்னும் பொதுத்துறை நிறுவனம் இங்கு அமைந்தது. 1966இல் டெல்கோ நிறுவனம், அதாவது இன்றைய டாட்டா மோட்டார்ஸ், இங்கு காலூன்றியது. 1998இல் அறிமுகமான இண்டிகா கார் இவ்வூர் ஆலையில்தான் உருவாயிற்று. அண்டையிலுள்ள ஆகுர்டி, சாக்கன் பகுதிகளிலும் வாகன ஆலைகள் பெருகின. 1982இல் பிம்ப்ரி-சிஞ்ச்வட் மாநகராட்சி உருவாக்கப்பட்டது.

கார்களை உற்பத்தி செய்யும் ஊரில் பழைய கார்கள் கைமாறுவதும் இயல்பே. மாற்றலாகிச் செல்லும் பொறியாளர், ஓய்வுபெற்றுச் சொந்த ஊர் திரும்பும் தொழிலாளி, குடும்பம் பெருகியதால் பெரிய வண்டி வாங்க விரும்புபவர் எனப் பலரும் தம் வண்டியை விற்க முற்படுகின்றனர். முன்பு இதற்குத் தரகரையோ பழக்கமான மெக்கானிக்கையோ நாடுவது வழக்கம். இன்று கைபேசி வழியாக இணையத்தில் விளம்பரம் செய்வது எளிதாகிவிட்டது. ஆனால் இவ்வசதியுடன் ஒரு தொல்லையும் சேர்ந்தே வந்துள்ளது. வாங்கும் எண்ணமே இல்லாதவர்கள் விசாரிப்பதும், வருவதாகச் சொல்லி வராதிருப்பதும், பேசி முடித்த விலையை மாற்றுவதும் விற்பவரின் காலத்தைப் பெருமளவு விழுங்கிவிடுகின்றன.

காலத்தின் விலை

இத்தொல்லையைச் சிறு மனத்தாங்கலாகக் கருதிவிடலாகாது. இதற்குப் பொருளாதார மதிப்பு உண்டு. உதாரணமாக, ஒரு விளம்பரத்தைக் கண்டு 40 பேர் பேசுகின்றனர் எனக் கொள்வோம். ஒருவருக்குக் கால் மணி நேரம் வீதம் 10 மணி நேரம் செலவாகும். அவர்களுள் 10 பேர் நேரில் வந்து, ஒவ்வொருவரும் ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொண்டால் மேலும் 15 மணி நேரம் ஆகும். மொத்தம் 25 மணி நேரம். மணிக்கு ரூ. 200 என்று மதிப்பிட்டாலும் ரூ. 5,000 செலவாகிறது. மேலும், ரூ. 4 இலட்சம் மதிப்புள்ள வண்டி ஆண்டுக்குப் பத்து சதவீதம் மதிப்பிழக்கிறது என்றால், ஒரு மாதத் தாமதத்தால் ஏறத்தாழ ரூ. 3,300 குறைந்துவிடும்.

மூன்று ஷிப்டுகளில் இயங்கும் ஆலையில் பணியாற்றுவோரின் நிலை இன்னும் கடினமானது. இரவு ஷிப்டு முடித்துப் பகலில் உறங்குபவரை வீண் அழைப்புகள் எழுப்பிவிடுகின்றன. மாற்றல் உத்தரவு பெற்றவருக்கோ நாட்கள் குறைவு. பலமுறை ஏமாந்து சலித்த பின், வந்த விலைக்கே வண்டியைக் கொடுத்துவிட நேரிடுகிறது. இதை அறிந்தே சிலர் பேரத்தை இழுத்தடிப்பதும் உண்டு.

இருபுறமும் உள்ள அறியாமை

பழைய கார் சந்தையைப் பொருளாதார அறிஞர்கள் நெடுங்காலமாகவே ஆராய்ந்து வந்துள்ளனர். அமெரிக்க அறிஞர் ஜார்ஜ் அகர்லாஃப் 1970இல் வெளியிட்ட கட்டுரையில் இச்சந்தையையே எடுத்துக்காட்டாகக் கொண்டார். வண்டியின் குறையை விற்பவர் அறிவார், வாங்குபவர் அறியார். ஆகவே வாங்குபவர் எல்லா வண்டிகளையும் ஐயத்துடன் நோக்கிக் குறைந்த விலையே கேட்கிறார். அதனால் நல்ல வண்டி வைத்திருப்போர் சந்தையை விட்டு விலகுகின்றனர் என்பது அவர் கண்ட முடிவு. 2001இல் அவருக்கும், மைக்கேல் ஸ்பென்ஸ், ஜோசப் ஸ்டிக்லிட்ஸ் ஆகியோருக்கும் பொருளாதார நோபல் பரிசு வழங்கப்பட்டது.

வீண் விசாரிப்பு என்பது இதே அறியாமையின் மறுபக்கமாகும். வாங்குபவரின் உண்மையான எண்ணத்தை அவர் மட்டுமே அறிவார். விற்பவர் அறிய வழியில்லை. ஒருவருடைய சொல்லை எப்போது நம்பலாம் என்பதற்கு ஸ்பென்ஸின் ஆய்வு விடை தருகிறது. உண்மையில்லாதவர் ஏற்கத் தயங்கும் சிறு செலவையோ சிரமத்தையோ ஒருவர் ஏற்றுக்கொண்டால், அவர் சொல்லுக்கு மதிப்பு உண்டு. "வண்டி இருக்கிறதா?" என்று கைபேசியில் கேட்பதற்கு எவ்விதச் செலவும் இல்லை, எனவே அது எதையும் உணர்த்துவதில்லை. தம் செலவில் பத்துக் கிலோமீட்டர் பயணம் செய்து, குறித்த நேரத்தில் வந்து நிற்பது ஓரளவு உணர்த்துகிறது. எழுத்து மூலம் முன்பணம் கொடுப்பது மேலும் உணர்த்துகிறது. விற்பவர் முதலில் தம் வண்டியைப் பற்றிய உண்மைகளை முழுமையாக வெளியிட வேண்டும். அதன்பின் படிப்படியாக வாங்குபவரிடமும் உறுதியை எதிர்பார்க்க வேண்டும். தீர்வு இதில்தான் உள்ளது.

விளம்பரத்திலேயே விடை

விசாரிப்போர் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். தயாரித்த ஆண்டும் மாதமும், எரிபொருள் வகை, ஓடிய கிலோமீட்டர், எத்தனையாவது உரிமையாளர், பதிவு எண்ணின் தொடர், காப்பீடு முடியும் நாள், வங்கிக் கடன் நிலுவை, விபத்து அல்லது பெரிய பழுது, டயர்களின் நிலை ஆகியவற்றை விளம்பரத்திலேயே குறிப்பிட்டால் பாதி அழைப்புகள் குறையும். கீறல், ஒடுக்கு ஆகியவற்றையும் படத்தில் காட்டுவது நன்று. குறையை மறைத்துப் பத்துப் பேரை வரவழைப்பதைவிட, குறையைச் சொல்லி மூவரை வரவழைப்பது இலாபகரமானது.

விலையைக் குறிக்கும்போது, பேரத்திற்கு எவ்வளவு இடமுண்டு என்பதை விற்பவர் தம் மனத்தில் முன்கூட்டியே முடிவு செய்துகொள்ள வேண்டும். "கடைசி விலை என்ன?" என்று வண்டியைப் பாராமலே கேட்பவரிடம், "வண்டியைப் பார்த்த பின் பேசலாம்" என்று ஒரே விடையைக் கூறுவது போதுமானது. பாராமல் குறைத்த விலை, பார்க்க வரும்போது பேரத்தின் தொடக்க விலையாகிவிடும். பேசுவதற்கு உகந்த நேரத்தையும் விளம்பரத்தில் குறித்துவிடுவது ஷிப்டுத் தொழிலாளருக்குப் பெரிதும் உதவும்.

பார்வையிடும் நாள்

ஒவ்வொருவருக்கும் தனித்தனி நாள் ஒதுக்குவதைவிட, வாரவிடுமுறை நாளில் அரை மணி இடைவெளியில் பலரை வரச் சொல்வது சிக்கனமானது. ஒருவர் வராவிட்டாலும் நாள் வீணாகாது. வருவதை அன்று காலை உறுதி செய்யுமாறு கேட்டு, உறுதி செய்யாதவருக்காகக் காத்திராமல் அடுத்தவரை அழைக்கலாம். "யாருக்கும் கொடுக்காமல் வைத்திருங்கள்" என்னும் வாய்மொழி வேண்டுகோளுக்காக மற்றவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை.

வண்டியை ஓட்டிப் பார்க்க விரும்புபவரிடம் ஓட்டுநர் உரிமத்தைக் கேட்டுப் பார்ப்பது சட்டப்படியும் தேவையானது. உரிமம் இல்லாதவரை ஓட்ட அனுமதிக்கும் உரிமையாளருக்கு, 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 180ஆம் பிரிவின்படி ரூ. 5,000 அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்க இடமுண்டு. வாங்க வருபவரை வண்டியுடன் தனியே அனுப்பாமல் விற்பவரும் உடன் செல்வது அவசியம். வாங்குபவர் தமக்கு நம்பிக்கையான மெக்கானிக்கைத் தம் செலவில் அழைத்து வந்தால் அதை வரவேற்க வேண்டும். அவருக்கு உண்மையான நாட்டம் உண்டு என்பதற்கு அதுவே அடையாளமாகும்.

கேள்வி கேட்பவர் யாவரும் வீணர் அல்லர் என்பதையும் நினைவில் கொள்ளல் வேண்டும். நடுத்தரக் குடும்பத்திற்கு முதல் கார் என்பது பல ஆண்டுச் சேமிப்பு. இருமுறை வந்து பார்ப்பதும், வீட்டாரை அழைத்து வருவதும், ஆவணங்களைத் துருவிப் பார்ப்பதும் அவர்தம் பொறுப்புணர்வையே காட்டுகின்றன. வீண் விசாரிப்பாளரிடம் கேள்விகள் குறைவு; விலை பற்றிய பேச்சே அதிகம்.

முன்பணமும் மோசடியும்

விலை முடிவானதும் சிறு தொகையை முன்பணமாகப் பெற்று இரசீது அளிப்பது நன்று. வண்டியின் எண், முடிவான விலை, மீதத் தொகை செலுத்த வேண்டிய நாள், அந்நாள் தவறினால் முன்பணம் என்னவாகும் என்பன அதில் இருக்க வேண்டும். முன்பணம் முழுவதையும் எப்போதும் பறிமுதல் செய்துவிடலாம் என்று கருதுவது தவறு. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவு நியாயமான இழப்பீட்டையே ஏற்கிறது. எனவே தொகை அளவானதாக இருப்பதே வழக்கு வராமல் காக்கும்.

காலத்தை வீணாக்குவோரைவிடக் கொடியவர் மோசடிக்காரர். வண்டியைப் பாராமலே கேட்ட விலைக்கு உடன்படுபவரிடமும், பாதுகாப்புப் படையில் பணிபுரிவதாகக் கூறி நேரில் வர இயலாதென்பவரிடமும் எச்சரிக்கை தேவை. முன்பணம் அனுப்புவதாகக் கூறிக் கட்டக் குறியீடு ஒன்றை அனுப்பி, அதைக் கைபேசியில் படம் பிடித்து இரகசிய எண்ணை இடச் சொல்வது அவர்கள் கையாளும் முறை. யுபிஐ முறையில் பணம் பெறுவதற்கு இரகசிய எண் தேவையே இல்லை. பணம் கொடுப்பதற்கே அது தேவை. ஏமாற்றப்பட்டவர் உடனடியாக 1930 என்னும் தேசிய உதவி எண்ணில் புகார் செய்ய வேண்டும். மீதத் தொகையைப் பொறுத்தவரை, ஒரே விற்பனைக்காக ரூ. 2 இலட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமானவரிச் சட்டம் 2017 ஏப்ரல் முதல் தடை செய்துள்ளது. வங்கி வழியாகப் பெறுவதே பாதுகாப்பானது.

பெயர் மாற்றமே முடிவு

பணம் கைக்கு வந்ததும் விற்பனை முடிந்துவிட்டதாகப் பலரும் கருதுகின்றனர். சட்டத்தின் பார்வை வேறு. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 50ஆம் பிரிவின்படி, அதே மாநிலத்திற்குள் விற்கப்படும் வண்டியைப் பற்றி விற்பவர் 14 நாட்களுக்குள்ளும், வாங்குபவர் 30 நாட்களுக்குள்ளும் பதிவு அலுவலகத்திற்குத் தெரிவிக்க வேண்டும். இதற்குப் படிவம் 29, படிவம் 30 ஆகியன பயன்படுகின்றன. வங்கிக் கடன் இருந்தால் அதை அடைத்துப் படிவம் 35 மூலம் பதிவுச் சான்றிலுள்ள கடன் குறிப்பை நீக்கவேண்டும். பிம்ப்ரி-சிஞ்ச்வட் அலுவலகத்தின் எம்.எச். 14 எண் கொண்ட வண்டியைத் தமிழ்நாடு போன்ற வேறு மாநிலத்தவர் வாங்கினால், படிவம் 28இல் தடையில்லாச் சான்று தேவை. அங்குச் செலுத்த வேண்டிய சாலை வரியையும் கணக்கிட்டே விலை பேச வேண்டும். இதை முதலிலேயே சொல்லாததால் கடைசி நாளில் முறிந்துபோகும் பேரங்கள் பல.

பெயர் மாற்றம் செய்யாது விடுவதன் ஆபத்தை உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் அளித்த தீர்ப்பு தெளிவாக்குகிறது. 2007இல் விற்கப்பட்ட ஒரு கார் அடுத்தடுத்துப் பலரிடம் கைமாறியது. பதிவேட்டில் மட்டும் முதல் உரிமையாளரின் பெயரே நீடித்தது. 2009இல் அக்கார் விபத்துக்குள்ளானது. இழப்பீட்டுக்குப் பதிவேட்டில் உள்ளவரே பொறுப்பு என்று நீதிமன்றம் கூறியது. வண்டியைக் கண்ணால் கண்டு ஈராண்டு ஆகிவிட்ட ஒருவர் மீது அந்தச் சுமை விழுந்தது. ஆகவே விற்பனைக்கு முன் இழுத்தடிப்பவரைவிட, வண்டியை எடுத்துச் சென்றபின் பெயர் மாற்றத்தை இழுத்தடிப்பவரே விற்பவருக்கு அதிகத் தீங்கு செய்கிறார். சாவியை ஒப்படைக்கும் நாளிலேயே படிவங்களில் கையொப்பமிட்டு விண்ணப்பித்துவிடுவது நலம். ஒப்படைத்த நாளையும் நேரத்தையும் குறித்த சீட்டு ஒன்றையும், வாங்குபவரின் அடையாளச் சான்றின் நகலையும் வைத்திருத்தல் வேண்டும்.

இத்துணை அலைச்சலையும் ஏற்க இயலாதவருக்கு வியாபாரிகள் உள்ளனர். 2023 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள மத்திய விதிகளின்படி, அங்கீகாரம் பெற்ற பழைய வாகன வியாபாரியிடம் வண்டி ஒப்படைக்கப்பட்டதைப் பதிவு அலுவலகத்திற்குத் தெரிவித்தபின், அதன் பொறுப்பு வியாபாரியைச் சாரும். தனி நபரிடம் விற்பதைவிட விலை சற்றுக் குறையலாம். அக்குறைவைத் தம் காலத்தின் மதிப்புடன் ஒப்பிட்டு விற்பவரே முடிவு செய்ய வேண்டும்.

பழைய வண்டி ஒன்று நல்ல முறையில் கைமாறும்போது, ஒரு குடும்பத்தின் முடங்கிய முதல் விடுபடுகிறது. இன்னொரு குடும்பத்திற்கு எட்டும் விலையில் ஊர்தி கிடைக்கிறது. ஒளிவுமறைவற்ற விளம்பரம், எழுத்தில் அமைந்த உடன்பாடு, உரிய காலத்தில் பெயர் மாற்றம் ஆகிய மூன்றையும் இருதரப்பினரும் கடைப்பிடித்தால், இச்சந்தையில் வீணாகும் காலமும் பொருளும் பெரிதும் குறையும் என்பதில் ஐயமில்லை.