மாவுக்கு வரி இல்லை, பொட்டலத்துக்கு உண்டு

1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் கள்ளுக்கடைகளும் சாராயக்கடைகளும் மூடப்பட்டன. இன்றைய தருமபுரி அப்போது சேலத்துக்குள்தான் இருந்தது; தனி மாவட்டமாகப் பிரிந்தது 1965-ல். சென்னை மாகாணப் பிரதமராக இருந்த ராஜாஜி, மதுவிலக்கைச் சோதித்துப் பார்க்கத் தன் சொந்த மாவட்டத்தையே எடுத்துக்கொண்டார். அவர் பிறந்த தொரப்பள்ளி ஓசூருக்குப் பக்கத்தில் இருக்கிறது. கடைகளை மூடியதில் கஜானாவில் துண்டு விழுந்தது. அதை ஈடுகட்ட 1939-ல் வந்தது சென்னைப் பொது விற்பனை வரிச் சட்டம். எல்லாப் பொருளுக்கும் பொதுவான விற்பனை வரியை இந்தியாவில் முதலில் போட்டது சென்னை மாகாணம்தான்.

இன்று படித்தால் அந்தச் சட்டம் வேடிக்கையாகத் தோன்றும். ஆண்டு விற்பனை 10,000 ரூபாயைத் தாண்டாத கடைக்கு வரியே இல்லை. 20,000 வரை மாதம் 5 ரூபாய். அதற்கு மேல் நூறு ரூபாய்க்கு அரை ரூபாய். குடியை நிறுத்தியதால் பிறந்த வரி இது. அதன் வாரிசான ஜி.எஸ்.டி.க்குள் குடிக்கும் மதுவை இன்னும் சேர்க்கவில்லை. டாஸ்மாக் பாட்டிலுக்கு மாநில அரசின் தனி வரிதான். அரசியல் சட்டமே அப்படி ஒதுக்கி வைத்திருக்கிறது. பெட்ரோலும் டீசலும் ஜி.எஸ்.டி. கவுன்சில் முடிவெடுக்கும் வரை மாநிலத்தின் கையில் இருக்கின்றன. அதனால்தான் 2021 ஆகஸ்டில் தமிழக அரசால் பெட்ரோல் விலையில் லிட்டருக்கு 3 ரூபாய் குறைக்க முடிந்தது. சோப்புக்கோ சிமெண்டுக்கோ ஒரு மாநிலம் தனியாக அப்படிக் குறைத்துவிட முடியாது.

1939-ன் வரியில் ஒரு கோளாறு இருந்தது. பொருள் கைமாறும் ஒவ்வொரு முறையும் வரி விழுந்தது; மொத்த வியாபாரி கட்டியதன் மேல் சில்லறை வியாபாரியும் கட்டினார். 1959-ல் தமிழ்நாட்டுக்குப் புதிய விற்பனை வரிச் சட்டம் வந்தது. 2007 ஜனவரி 1 முதல் மதிப்புக்கூட்டு வரி, அதாவது வாட். 2017 ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி. வரிமேல் வரி விழுவதைத் தடுக்கும் வழி பெருமளவு அமைந்தது இந்தக் கடைசி இரண்டில்தான்.

தருமபுரிக் கடைக்காரர் ஒருவர் சேலத்து மொத்த வியாபாரியிடம் 10,000 ரூபாய்க்கு மிக்சிகள் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்ளலாம். 18 சதவீத வரி 1,800 ரூபாய் சேர்த்துக் கொடுக்கிறார். அவற்றையே 12,000-க்கு விற்கும்போது வாடிக்கையாளர்களிடம் 2,160 ரூபாய் வரி வசூலாகிறது. தான் ஏற்கெனவே கொடுத்த 1,800-ஐக் கழித்துக்கொண்டு மீதி 360 ரூபாயை மட்டும் அவர் அரசுக்குக் கட்டுகிறார். இந்தக் கழிவைத்தான் கடைத்தெருவில் ‘இன்புட்’ என்கிறார்கள். பில்லில் வரி இரண்டு கூறாகத் தெரியும்: பாதி மத்திய அரசுக்கு, பாதி மாநில அரசுக்கு. பொருள் மாநிலம் தாண்டினால் இரண்டுக்கும் பதில் ஐ.ஜி.எஸ்.டி. என்று ஒரே வரி. அதில் மாநிலப் பங்கு பொருளை விற்ற மாநிலத்துக்குப் போகாது, அது போய்ச் சேர்ந்த மாநிலத்துக்குப் போகும். உற்பத்தி மாநிலமான தமிழ்நாடு ஜி.எஸ்.டி.யை நெடுநாள் எதிர்த்ததற்குக் காரணம் இதுதான். 2016 ஆகஸ்டில் மாநிலங்களவை வாக்கெடுப்பின்போது அ.தி.மு.க. உறுப்பினர்கள் வெளிநடப்புச் செய்தார்கள்.

சட்டம் இவ்வளவுதான். தலைவலி வரி விகிதப் பட்டியலில் இருக்கிறது.

தருமபுரி மாவட்டத்தின் பேர்பெற்ற சரக்குகளில் பலவற்றுக்கு வரியே கிடையாது. பாலக்கோடு சந்தையில் கூடை கூடையாக ஏறும் தக்காளிக்கு இல்லை. பட்டுக்கூட்டுக்கு இல்லை. காய்ந்த புளிக்கு 5 சதவீதம் இருந்தது, 2019 அக்டோபர் 1 முதல் அதுவும் போயிற்று. மாம்பழத்துக்கு வரி இல்லை, அதையே கூழாக்கினால் உண்டு. மாங்கூழுக்கு எந்த விகிதம் என்று நீண்ட காலம் இழுபறி இருந்தது. 2022-ல் 12 சதவீதம் என்று தெளிவுபடுத்தினார்கள். 2025 செப்டம்பர் 22-ல் வரி அடுக்குகளைச் சுருக்கியபோது 5 சதவீதமாக இறங்கியது.

கேழ்வரகும் சாமையும் விளையும் மாவட்டத்தில் கேழ்வரகு மாவின் கதை இன்னும் சுவையானது. மூட்டையிலிருந்து அளந்து காகிதத்தில் கட்டிக் கொடுத்தால் வரி இல்லை. அதே மாவை ஒரு கிலோ பையில் அடைத்து, பெயர் அச்சிட்டு, எடையும் விலையும் போட்டு ஒட்டினால் 5 சதவீதம். 2022 ஜூலை 18-ல் வந்த விதி இது. அரிசி, பருப்பு எல்லாவற்றுக்கும் சேர்த்து. 25 கிலோவுக்கு மேற்பட்ட மூட்டைக்கு இந்த விதி பொருந்தாது என்று தெரிந்ததும் 26 கிலோ அரிசி மூட்டை சந்தைக்கு வந்துவிட்டது! விதி எழுதியவர்கள் அசந்துபோயிருக்க வேண்டும். 70 சதவீதத்துக்குக் குறையாமல் சிறுதானியம் கலந்த சத்துமாவுக்கும் 2023 அக்டோபரிலிருந்து இதே கணக்குதான்: சில்லறையாக அளந்து கொடுத்தால் பூஜ்யம், பொட்டலத்துக்கு 5. கோவையில் 2024 செப்டம்பரில் உணவக உரிமையாளர் ஒருவர், பன்னுக்கு வரி இல்லை, கிரீம் வைத்தால் 18 சதவீதம் என்று நிதியமைச்சர் முன்னிலையிலேயே பேசியது நாடு முழுக்கப் பரவியது. பட்டியலோடு மல்லுக்கட்டிய யாருக்கும் அது வெறும் நகைச்சுவையாகத் தெரிந்திருக்காது.

பதிவு எண் யாருக்கு வேண்டும் என்பதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். பொருள் மட்டும் விற்பவருக்குத் தமிழ்நாட்டில் ஆண்டு விற்பனை 40 லட்சம் வரை ஜி.எஸ்.டி. எண் தேவையில்லை, சேவைத் தொழிலுக்கு 20 லட்சம். வரியில்லாத சரக்கை மட்டுமே விற்பவருக்கு எத்தனை கோடி விற்றாலும் தேவையில்லை. புளி மண்டிக்காரர் ஆண்டுக்கு 60 லட்சத்துக்குப் புளி விற்றுக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம். அவரே ஓர் ஓரத்தில் பொட்டலச் சத்துமாவை வைத்து ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கு விற்கத் தொடங்கினால் நிலைமை மாறிவிடுகிறது. வரம்பைக் கணக்கிடும்போது வரியில்லாத புளியின் 60 லட்சமும் கூட்டப்படும். 61 லட்சம் என்பதால் அவர் பதிவு செய்தே ஆக வேண்டும். வரி என்னவோ மாவுக்கு மட்டும்தான், ஆனால் கணக்குத் தாக்கல் மாதாமாதமோ காலாண்டுக்கொரு முறையோ முழு வியாபாரத்துக்கும். விற்பனையே இல்லாத மாதத்துக்கும் ‘நில்’ ரிட்டர்ன் போட வேண்டும். மறந்தால் ஒரு நாளைக்கு 20 ரூபாய் தாமதக் கட்டணம்.

எண் வாங்கிய சிறு வியாபாரிக்கு ஒரு சுருக்குவழி இருக்கிறது. ஆண்டு விற்பனை ஒன்றரைக் கோடிக்குள் என்றால் ‘காம்போசிஷன்’ திட்டத்தில் சேரலாம். கடைக்காரர், உற்பத்தியாளர் ஒரு சதவீதம், உணவகம் 5 சதவீதம் கட்டினால் போதும். இன்புட் கழிவு கிடையாது. அந்த வரியை வாடிக்கையாளரிடம் தனியாக வசூலிக்கவும் கூடாது. காம்போசிஷன் வரி செலுத்துபவர் என்று பில்லில் போட்டிருக்கும் ஓட்டல், கீழே ஜி.எஸ்.டி. என்று ஒரு வரியைச் சேர்த்திருந்தால் சாப்பிட்டவர் அதைக் கொடுக்க வேண்டியதில்லை. பில்லைப் புரட்டிப் பார்ப்பவர்கள் குறைவு என்பது வேறு விஷயம்.

காம்போசிஷனில் இருப்பவர் வெளிமாநிலத்துக்குப் பொருள் விற்கக் கூடாது என்றும் ஒரு நிபந்தனை உண்டு. மாநில எல்லைக்குத் தொலைவில் இருக்கும் கடைக்காரரைவிடத் தருமபுரிக்காரரை இது அதிகம் உறுத்தும். இங்கிருந்து பெங்களூர் சென்னையைவிட மிகப் பக்கம். 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் கிருஷ்ணகிரி, ஓசூர் தாண்டினால் கர்நாடகம். பதிவு எண்ணே இல்லாத சிறு உற்பத்தியாளருக்கு அந்த எல்லை இன்னும் கடுமை. வீட்டில் ஊறுகாய் போட்டு விற்கும் பெண் ஒருவர் ஓசூர்க் கடைகளுக்கு 40 லட்சத்துக்குள் எவ்வளவு கொடுத்தாலும் எண் வேண்டாம். இன்னும் கொஞ்ச தூரம் போய்க் கர்நாடகத்தின் அத்திப்பள்ளியில் ஒரு கடைக்கு ஒரு பெட்டி விற்றால், முதல் ரூபாயிலிருந்தே பதிவு கட்டாயம். சேவைத் தொழில் செய்பவர் 20 லட்சம் வரை இதே எல்லையைப் பதிவில்லாமல் தாண்டலாம்; கைவினைப் பொருள்களுக்கும் சலுகை உண்டு. ஊறுகாய்க்கு மட்டும் ஏன் இந்தக் கெடுபிடி என்பதற்கு நியாயமான பதில் தென்படவில்லை. வெளிமாநிலத்துக்கு விற்ற பிறகே ஆடிட்டரிடம் ஓடுபவர்கள், ஆர்டர் எடுக்கும் முன்பே ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

ஓசூர் ஜூஜூவாடியில் லாரிகளை வரிசைகட்ட வைத்த வணிகவரிச் சோதனைச்சாவடி 2017-ல் ஜி.எஸ்.டி. வந்ததோடு மூடப்பட்டது. அந்த இடத்தை இ-வே பில் பிடித்துக்கொண்டது. வரிக்குரிய சரக்கு 50,000 ரூபாய் மதிப்பைத் தாண்டி மாநிலம் விட்டுப் போனால் அதைக் கணினியில் எடுத்து ஓட்டுநரிடம் கொடுத்தனுப்ப வேண்டும். தமிழ்நாட்டுக்குள்ளேயே என்றால் வரம்பு ஒரு லட்சம். சாவடி போனாலும் பறக்கும் படை எந்தத் திருப்பத்திலும் நிற்கலாம்.

இதற்கு மேல் ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி என்று உள்ளூர்க் கணக்கு தனி. அமெரிக்காவில் மாநிலத்தோடு கவுண்டியும் நகரமும்கூட விற்பனை வரி போட்டுக்கொள்ளும். ஒரே நெடுஞ்சாலையில் ஊருக்கு ஊர் விகிதம் மாறும். இங்கே உள்ளாட்சிக்கு அந்த அதிகாரம் இல்லை. காரிமங்கலம் போன்ற வாரச்சந்தைகளில் கடை விரிப்பவரிடம் வாங்குவது சந்தைச் சுங்கம். அது இடத்துக்கான கட்டணம், விற்பனைக்கான வரி இல்லை. கடை நடத்துபவரும் சம்பளக்காரரும் அரையாண்டுக்கு ஒருமுறை உள்ளாட்சிக்குக் கட்டுவது தொழில் வரி. அரையாண்டு வருமானம் 21,000 ரூபாய்க்குள் என்றால் அது இல்லை. எவ்வளவு சம்பாதித்தாலும் ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் ஒருவரிடம் வாங்க முடியாது. 250 ரூபாயாக இருந்த அந்த உச்சவரம்பை 1988-ல் அரசியல் சட்டத் திருத்தம் கொண்டுவந்து உயர்த்தினார்கள்; அதன் பிறகு நாடாளுமன்றம் அதைத் தொடவில்லை.