பின்பலகையில் ஓர் அங்குலம்

1909-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்து ஓலே எவின்ரூட், படகின் பின்பலகையில் மாட்டி ஓட்டத்தக்க ஒன்றரைக் குதிரைசக்தி யந்திரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்த காலந்தொட்டு, அவுட்போர்டு மோட்டாரின் சக்தியைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு அது தொங்குகிற உயரத்தைப் பற்றி எவரும் பேசுவதில்லை.

படகு மந்தமாக ஓடுகிறதென்று பெரிய மோட்டாருக்குப் பணம் தேடுகிறவர், முதலில் நேரான சட்டமொன்றைப் படகின் அடிப்புறத்தோடு ஒட்டிப் பின்னோக்கி நீட்டிப் பிடித்து, விசிறிக்குச் சற்று மேலே கிடையாக அமைந்த தகடு அதற்கு எவ்வளவு கீழே இருக்கிறதென்று பார்ப்பது உத்தமம். சமமாகவோ ஓர் அங்குலம் தாழ்ந்தோ இருந்தால் சரி. அதிகம் தாழ்ந்தால் மோட்டாரின் கால் நீரை வீணே கிழித்துக்கொண்டு வேகத்தைத் தின்னும்; அதிகம் உயர்ந்தாலோ, திருப்பத்தில் மேற்பரப்புக் காற்றை விசிறி உள்ளிழுத்து, யந்திரம் அலற, படகு நின்ற இடத்திலேயே தத்தளிக்கும். 15 அங்குலப் பின்பலகையில் 20 அங்குலத்துக்குரிய நெட்டை மோட்டாரை மாட்டுவதால் விளையும் தொல்லை, முதலிற் சொன்ன அதிகத் தாழ்வே.

ஜாக் பிளேட் என்னும் உலோகத் தாங்கி, மோட்டாரை மேலும் கீழும் நகர்த்துவதோடு சில அங்குலம் பின்னுக்கும் தள்ளிவைக்கிறது. அதில் ஒரு சூக்ஷ்மம் உண்டு: வேகமாக ஓடும் படகின் அடியில் அமுங்கிய நீர், பின்பலகையின் விளிம்பைக் கடந்ததும் விடுபட்டு மேலெழுகிறதாகையால், பின்தள்ளிய மோட்டாரைச் சற்றே உயர்த்தினாலும் விசிறிக்குக் கலங்காத நீர் கிடைக்கிறது, காலின் இழுவையும் குறைகிறது. ஆனால் குளிர்நீர் உறிஞ்சும் துவாரங்கள் வெளிப்பட்டால் யந்திரம் சூடேறிக் கெடும். ஆகவே உயர்த்தியபின், மூடிக்குக் கீழே பீச்சியடிக்கும் நீர்த்தாரையைக் கவனித்தபடியே ஓட்டிப் பார்க்கவேண்டும்.

சிறு படகுக்கு ஹைட்ராலிக் தாங்கி, என் அபிப்பிராயத்தில், வெறும் ஆடம்பரமே. போல்ட்டைத் தளர்த்தி நகர்த்துவது போதும். சாய்மானத்துக்கோ செலவே இல்லை: மோட்டாரின் கவ்வியிலுள்ள பின்னை வேறு துளையில் செருகி மோட்டாரை உட்புறம் சாய்த்தால் அணியம் தாழும், வெளிப்புறம் சாய்த்தால் உயரும், மிஞ்சினால் படகு துள்ளத் தொடங்கும்.

பின்தள்ளிய பாரம் நெம்புகோல்போல் பின்பலகையை வலித்திழுப்பதால், அதைச் சுத்தியலால் தட்டிப் பார்க்காமல் எதையும் பூட்டலாகாது. மொத்தையான ஒலி எழுந்தால் உள்மரம் ஊறி உளுத்திருக்கிறதென்று சந்தேகிக்கவேண்டும். பழைய துளைகளை எபாக்ஸியால் அடைத்த பிறகே புதியவற்றைத் துளைக்கவேண்டும்; புதிய துளைகளின் உட்சுவரிலும் அதே எபாக்ஸியைப் பூசவேண்டும்.